உலகின் ஒரு வட்டாரத்தைப் படித்துச் சான்றிதழ் வாங்குவது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

காவேரிப்பட்டணம் என் ஊர். அப்பா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். வேளாண்மையில் பட்டம் முடித்துவிட்டு, வேளாண் பொருளாதாரத்தில் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனேன். முதுகலைப் பட்டத்தோடு கூடவே தென்கிழக்காசிய ஆய்வில் ஒரு சான்றிதழும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஊர் திரும்பியபின் தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிப் பிள்ளைகள் அவ்வப்போது கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். பட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. "அதென்னக்கா, ஊரைப் படிக்கிற படிப்பு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சொன்னதையே எத்தனை முறை சொல்வது என்று இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

சரி, இது என்னதான் படிப்பு?

உலகின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறீர்கள். ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, மேற்காசியா, கிழக்காசியா, எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பகுதியின் வரலாறு, அரசியல், மதம், பொருளாதாரம், இலக்கியம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிறீர்கள். அங்கே பேசும் மொழி ஒன்றையும் கற்கிறீர்கள். ஏரியா ஸ்டடீஸ் என்று இதற்குப் பெயர். வட்டார ஆய்வு என்று தமிழில் சொல்லலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு பாடங்கள் கேட்பார்கள், அதாவது 12 முதல் 18 கிரெடிட் வரை. எல்லாப் பாடத்தையும் ஒரே துறையில் எடுத்துவிட முடியாது. வரலாற்றுத் துறையில் ஒன்று, மானுடவியலில் ஒன்று, அரசியலில் ஒன்று என்று பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அதோடு மொழியில் இத்தனையாம் நிலை வரை தேர்ச்சி, கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை. இடத்துக்கு இடம் கணக்கு மாறும், எலும்புக்கூடு இதுதான்.

பட்டம், சான்றிதழ்: என்ன வித்தியாசம்?

பட்டம் உங்கள் சாப்பாடு, சான்றிதழ் தொட்டுக்கொள்ள. சான்றிதழை மட்டும் வைத்துப் பசியாற முடியாது. வேளாண்மை, பொது நிர்வாகம், பத்திரிகைத் துறை, சட்டம், பொதுச் சுகாதாரம் என்று ஏதோ ஒரு முதன்மைப் படிப்பு இருக்க வேண்டும். அதைப் படிக்கும்போதே பக்கத்தில் இதையும் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். தனியாகச் சான்றிதழுக்கென்று மட்டும் சேரவும் சில இடங்களில் வழி உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று செலவுக் கேள்வியில் வருகிறது.

ஆன்லைனில் ஆறு வாரத்தில் சர்டிபிகேட் கொடுக்கிறார்களே, அது இதுதானா?

இல்லை. அது ஒரு பாடத்தைப் பார்த்து முடித்ததற்கான அத்தாட்சி. இது பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் ஏறுவது. தேசியக் கல்விக் கொள்கையின் கணக்கில், பட்டப்படிப்பில் ஓராண்டு முடித்து விலகுபவர்களுக்குத் தரும் சான்றிதழும் வேறு. மூன்றுக்கும் ஒரே பெயர் என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இந்தப் படிப்பை யார் கண்டுபிடித்தது? எதற்காக?

இப்போதைய வடிவத்துக்குப் பெரிய காரணம் பயம். 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை வானில் விட்டது. உலகத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அமெரிக்கா பதறியது. 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டு வந்தார்கள். அதன் ஆறாவது பிரிவு, வெளிநாட்டு மொழிகளையும் வட்டாரங்களையும் கற்பிக்கும் மையங்களுக்குப் பல்கலைக்கழகங்களில் பணம் தர வழி செய்தது. சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருப்பதைக் கவனியுங்கள். தாய்லாந்தின் தாய் மொழி, வியட்நாமியம், இந்தோனேசியம் எல்லாம் அங்கே வகுப்பறைக்கு வந்ததில் பனிப்போருக்கு நல்ல பங்கு உண்டு. எங்கள் பேராசிரியர்கள் இதை மறைக்கவில்லை. முதல் வாரப் பாடமே இதுதான்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1955-இல் டெல்லியில் பன்னாட்டு ஆய்வுகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். அது 1970-இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு (ஜேஎன்யூ) இணைந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதுமல்ல, ஒரு சின்ன மாற்றத்தோடு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ முதலானவர்களும் வந்து இந்த மண்ணை அளந்தார்கள்: எந்த நிலம் செம்மண், எந்த ஊரில் எத்தனை கிணறு, யார் என்ன பயிர் வைக்கிறார், எவ்வளவு வரி தாங்குவார். பாராமகால் ஆவணங்கள் என்று பின்னால் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். அதுவும் ஒரு வட்டார ஆய்வுதான், நாம் படிக்கப்பட்டவர்களாக இருந்தோம் என்பது மட்டுமே வேறுபாடு. அடுத்தவர் ஊரைப் படிக்கப் போகும்போது இது என் மனதில் ஓரமாக இருந்துகொண்டே இருந்தது.

எந்த வட்டாரத்தை எடுப்பது? எல்லையை யார் போடுகிறார்கள்?

எல்லை மேலே இருந்து விழுந்ததல்ல. 'தென்கிழக்காசியா' என்ற பெயர் பரவலாகப் புழங்க ஆரம்பித்ததே இரண்டாம் உலகப் போரில்தான். 1943-இல் நேச நாடுகள் மவுண்ட்பேட்டன் தலைமையில் அந்தப் பெயரில் ஒரு படைத் தலைமையகம் அமைத்தன. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் 1967-இல் ஐந்து நாடுகளோடு தொடங்கியது. 2025-இல் கிழக்குத் திமோர் பதினோராவதாகச் சேர்ந்தது. சூடானை ஆப்பிரிக்கப் படிப்பிலும் வைப்பார்கள், அரபுலகப் படிப்பிலும் வைப்பார்கள்.

நமக்கு இது எளிதில் புரியும். 1965 வரை நாமெல்லாம் சேலம் மாவட்டம். பிறகு தருமபுரி. 2004-இல் கிருஷ்ணகிரி தனியாகப் போனது. மா மரம் எந்த மாவட்டத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக் காய்க்கவில்லை.

எதை எடுப்பது என்றால், உங்கள் முதன்மைப் படிப்புக்கு அந்த வட்டாரத்தில் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். கொரியத் தொடர் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் செமஸ்டரில் கொரிய வினைச்சொல்லின் மரியாதை விகுதிகளோடு மல்லுக்கட்டும்போது அந்தப் பிடித்தம் மட்டும் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில் இருப்பவனுக்கு இதனால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு தம்பி. அவன் அப்பா மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறார். அந்த ஆலையில் பெங்களூரா மாங்காயைக் கூழாக்கி டப்பாவிலும் பீப்பாயிலும் அடைக்கிறார்கள். நம் பக்கத்து மாங்கூழ் சவுதி அரேபியா, ஏமன், நெதர்லாந்து என்று போகிறது. கிருஷ்ணகிரி அருகே தைவான் மின்னணு நிறுவனமான டெல்டாவின் தொழிற்சாலை இருக்கிறது. ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகிறது. நம் ஊர்க் கிரானைட் எந்தெந்த நாட்டுச் சமாதியில், எந்தெந்த நாட்டுச் சமையலறையில் பதிந்திருக்கிறதோ.

சரக்கு போகிறது. வாங்குபவரின் நாட்டைப் பற்றித் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? ரமலான் எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்து அதற்கேற்ப மாங்கூழ் ஆர்டர் எப்படி மாறும் என்று ஒரு ஏற்றுமதிக் கணக்கர் அனுபவத்தில் கற்றுக்கொள்ளப் பத்து வருடம் ஆகும். இந்தப் படிப்பு அந்தப் பத்து வருடத்தைக் கொஞ்சம் சுருக்கும். அவ்வளவுதான் நான் சொல்வேன்.

மொழி கட்டாயமா? அதைத் தவிர்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்க முடியாதா?

சில இடங்களில் முடியும். மொழிக்குப் பதிலாகக் கூடுதல் பாடம் எடுத்துக்கொள் என்பார்கள். எடுக்காதீர்கள். மொழி இல்லாமல் வாங்கினால் அது ஒரு காகிதம்.

என் முதல் இந்தோனேசிய வகுப்பைச் சொல்கிறேன். ஜனவரி, வெளியே பனி. பத்துப் பேர்தான் வகுப்பில். ஆசிரியை படங்களைத் திரையில் காட்டி ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லச் சொன்னார். ஒரு கடை: கெடாய். ஒரு கப்பல்: கபால். ஒரு பெட்டி: பெட்டி. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அடுத்து மாங்காய் படம் வந்தது. மங்கா என்றார். மலாய் பேசுபவர்கள் மெம்பெலாம் என்றும் சொல்வார்கள் என்றார். மாம்பழம்! காவேரிப்பட்டணத்தில் கூடை பின்னி மாம்பழம் அடுக்கியவளுக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும். சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். எழுந்துபோய்ப் பலகையில் 'மாம்பழம்' என்று தமிழில் எழுதிக் காட்டி, கடைசிக்கு முந்தின ழகரத்தைச் சொல்லிக் காட்டினேன். வகுப்பு முழுக்க ழகரத்தோடு பத்து நிமிடம் போராடியது. தொழிலுக்குப் போடும் பணத்தை அவர்கள் மோடால் என்கிறார்கள், அதுவும் நம் 'முதல்'தான்.

அந்தச் சொற்கள் சும்மா போகவில்லை. வியாபாரிகள் கொண்டு போனார்கள். சுமத்ராவின் பாருஸ் பக்கம் 1088-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டிவைத்தது. பள்ளியில் நாம் ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரம் வென்றதைத்தான் படித்தோம். படை போனதைவிடக் கடை போனது நீண்ட கதை. கெடாய், மோடால், பெட்டி எல்லாம் கடைக்காரர் பேச்சு என்பதைப் பாருங்கள்.

மொழியில் இன்னொன்றும் கிடைக்கும், புத்தகத்தில் கிடைக்காதது. வாய்மொழித் தேர்வில் "கல்யாணம் ஆயிற்றா?" என்று கேட்டார்கள். இல்லை என்பதற்கு தீடாக் என்றொரு சொல் இருக்கிறது, அதைச் சொன்னேன். ஆசிரியை தலையை ஆட்டினார். பெலும் என்று சொல்ல வேண்டுமாம், 'இன்னும் இல்லை'. தீடாக் என்றால் செய்துகொள்ளவே மாட்டேன் என்பதுபோல ஆகிவிடுமாம். எங்கள் வீட்டிலும் இதே இலக்கணம்தான். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அந்த ஊர்க்காரங்க நல்லவங்களா இருக்காங்க" என்றார். பார்த்ததும் "சூடா மாக்கான்?" என்று கேட்பார்கள், சாப்பிட்டாச்சா என்று பொருள். அதற்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை.

எந்த மொழி சீக்கிரம் வரும்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவருக்கு இந்தோனேசியமும் மலாயும் ஏறக்குறைய 36 வாரம். தாய், வியட்நாமியம், பர்மியம் போன்றவை 44 வாரம். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியன் 88 வாரம். முழுநேரம் படித்தால் ஆகும் காலம் இது. தமிழருக்கு இதே கணக்கு பொருந்தாது. ஜப்பானிய வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவது ஆங்கிலேயருக்குத் தலைவலி, நமக்குத் தாய்ப்பால். எழுத்துகள்தான் நம்மையும் வாட்டும்.

கோடையில் அடித்துப் பிடிக்க வழி உண்டு. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் தென்கிழக்காசிய மொழிகளுக்கென்று எட்டு வாரக் கோடைப் பள்ளி நடப்பது வழக்கம். எட்டு வாரத்தில் ஓராண்டுப் பாடம். அப்படியொரு கோடையில் நான் கனவில்கூட இந்தோனேசியம் பேசியதாக அறைத்தோழி சொன்னாள். என்ன பேசினேன் என்று அவளுக்கும் தெரியாது.

எனக்குத் தமிழ் தெரியும். தெற்காசியா எடுத்துக்கொண்டு தமிழையே மொழியாகக் காட்டிவிடலாமா?

புத்திசாலி. சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா, விஸ்கான்சின்-மேடிசன் போன்ற இடங்களில் தமிழ் சொல்லித் தரும் மரபு இருக்கிறது; தெற்காசியச் சான்றிதழில் தமிழும் ஒரு மொழி. தாய்மொழியாகக் கொண்டவரைச் சில இடங்களில் தேர்வு வைத்து விலக்கிவிடுவார்கள். சில இடங்களில் வேறொரு தெற்காசிய மொழி படி என்பார்கள். விலக்கு கிடைத்தாலும் சும்மா இருக்காமல் சிங்களமோ உருதுவோ படியுங்கள் என்பது என் கருத்து. காசு கட்டி அவ்வளவு தூரம் போய், தெரிந்ததையே தெரியும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவதில் என்ன இருக்கிறது?

அமெரிக்கா போக வசதியில்லை. இந்தியாவில் எங்கே?

இங்கே பெரும்பாலும் முதுகலை, ஆய்வு என்ற வடிவில்தான் கிடைக்கிறது. ஜேஎன்யூவின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியில் வட்டாரத்துக்கு ஒரு மையம் என்று பல மையங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வுகளுக்கு மையம் இருக்கிறது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தென்கிழக்காசியா, பசிபிக் ஆய்வு மையம். நமக்கு இது பக்கம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தெற்காசியா. மும்பையில் ஆப்பிரிக்கா. ஐஐடி மெட்ராஸில் சீன ஆய்வு மையம். ஜேஎன்யூவின் முதுகலைக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒட்டுவேலை. முதன்மைப் பட்டத்தை நம் கல்லூரியிலேயே படியுங்கள். மொழிச் சான்றிதழை இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி வாங்குங்கள். அரபு, ஜப்பானியம், ரஷ்யன், ஸ்பானிஷ் எல்லாம் அங்கே சான்றிதழ் நிலையில் இருந்திருக்கின்றன, இந்தப் பருவத்தில் எவை திறந்திருக்கின்றன என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இலேயே சொல்லிவிட்டது. ஜப்பானியம் என்றால் ஜேஎல்பிடி தேர்வு: என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலும் பெங்களூரிலும் எழுதலாம். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். தினமும் வேலைக்குப் போய்வருபவர்கள் இருக்கும்போது, சனிக்கிழமை மொழி வகுப்புக்குப் போவதா கடினம்?

இப்படி ஒட்டியது பல்கலைக்கழகத்தின் வட்டாரச் சான்றிதழ் ஆகாது. ஆனால் நாளைக்கு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, பேச்சாக இல்லாமல் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

எவ்வளவு செலவாகும்? உதவித்தொகை உண்டா?

பட்டத்தோடு சேர்த்து எடுத்தால், விருப்பப் பாடங்களின் இடத்தில் இந்தப் பாடங்களைப் போட்டுவிடலாம். கூடுதல் கட்டணம் பெரும்பாலும் வராது. தனியாக எடுத்தால் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் காசு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் தனியாக வேண்டாம் என்றேன்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஃபிளாஸ் என்ற மொழி உதவித்தொகையின் பெயர் இணையத்தில் நிறைய தென்படும். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமான திட்டம். ஒரு முழு மாலை அதன் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுக் கடைசிப் பக்கத்தில்தான் நான் அதைப் படித்தேன்.

நமக்குத் திறந்த கதவுகள் வேறு. ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்றாண்டு முழுநேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். அந்தந்த நாட்டு அரசே பணம் கொடுத்துக் கூப்பிடுவதுதான் பாதி பேருக்குத் தெரியாத வழி. இந்தோனேசியாவின் தர்மசிஸ்வா, தைவானின் ஹுவாயூ மொழி உதவித்தொகை, ஜப்பானின் மெக்ஸ்ட், கொரிய அரசின் ஜிகேஎஸ் எல்லாம் இந்த வகை. தர்மசிஸ்வாவில் பட்டம் கிடைக்காது. மொழியையும் கலைகளையும் அங்கேயே போய் இருந்து படிக்கலாம். தூதரகத் தளத்தில் அறிவிப்பு வரும் மாதத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

எனக்கு மூன்றாண்டு பி.ஏ. இதை வைத்துப் போக முடியுமா?

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் எதிர்பார்க்கும். இங்கே எம்.ஏ. ஒன்று முடித்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்னாகும் என்பதற்கு நானே உதாரணம்.

ஒரு பாடத்தை முதுகலைக் கணக்கிலும் சான்றிதழ்க் கணக்கிலும் சேர்த்துக் காட்டலாமா என்பதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரம்பு இருக்கும். என் கணக்கைப் பார்த்த ஆலோசகர், ஆசிய வேளாண் வளர்ச்சி என்ற பாடத்தை இரண்டிலும் காட்டலாம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். நான் நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன். அவர் வேறு வேலைக்குப் போனார். பட்டமளிப்புக்கு ஆறு வாரம் இருக்கும்போது புதிதாக வந்தவர் கூப்பிட்டு, ஏற்கெனவே இரண்டு பாடம் இரட்டைக் கணக்கில் இருக்கிறது, மூன்றாவது செல்லாது என்றார். மூன்று கிரெடிட் குறைவு. அழுதேனா என்று கேட்காதீர்கள். கோடையில் இன்னொரு பாடம் எடுத்து, அதற்குத் தனியாகப் பணம் கட்டி, ஊருக்கு வரும் டிக்கெட்டை இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த வருடம் மாம்பழப் பருவம் முழுக்கப் போய்விட்டது.

ஆகவே யார் என்ன சொன்னாலும் அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?" 'ஆமாம்' என்று ஒரு வரி பதில் வந்தால் போதும், அது உங்கள் பட்டா.

கடைசிக் கட்டுரைக்கு என்ன தலைப்பு எடுப்பது?

உங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அந்த வட்டாரத்துக்குப் போகும் ஏதாவது ஒரு பொருளைப் பிடியுங்கள். நான் கரும்பைப் பிடித்தேன்.

அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்ததாக ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. தகடூர்க் கதை அது, நம் தருமபுரிதான். தாவரவியலாளர்களைக் கேட்டால், கரும்பை முதலில் பயிராக்கியது நியூகினித் தீவு என்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே கோட்டில் இணைக்க முடியாது, நான் இணைக்கவும் இல்லை. ஆனால் ஆர்வம் அங்கேதான் தொற்றியது.

கட்டுரை இருபதாம் நூற்றாண்டைப் பற்றியது. டச்சுக்காரர்கள் 1830-லிருந்து ஜாவா விவசாயிகளைக் கட்டாயப்படுத்திக் கரும்பும் அவுரியும் போடவைத்தார்கள். பிறகு அங்கே கரும்பு ஆராய்ச்சி பெரிதாக வளர்ந்தது. 1920-களில் பிஓஜே 2878 என்ற ரகம் ஜாவா முழுக்கப் பரவியது. இந்தியச் சந்தையில் ஜாவா சர்க்கரை வந்து குவிந்தது. 1932-இல் இங்கே பாதுகாப்பு வரி போட்டுத் தடுத்தார்கள்; இந்தியாவில் ஆலைகள் மளமளவென்று எழுந்தன. வேடிக்கை என்னவென்றால், ஜாவா சர்க்கரையைத் தடுத்த அதே காலத்தில் ஜாவா கரும்பை நாம் உள்ளே எடுத்துக்கொண்டோம். 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த புகழ்பெற்ற கோ 419 ரகத்துக்குத் தாய் அந்த பிஓஜே 2878. தென்னிந்தியக் கரும்பு வயல்களில் அது எத்தனை காலம் நின்றது என்று வயசான விவசாயிகளைக் கேளுங்கள்.

சொற்களிலும் இந்தப் பயணம் தெரியும். வெள்ளைச் சர்க்கரையை நாம் சீனி என்கிறோம், சீனாவின் பெயர். பாட்டி அஸ்கா என்பார். அது ஒடிசாவில் சர்க்கரை ஆலை இருந்த ஓர் ஊர். இந்தோனேசியத்தில் கூலா, வடமொழியின் 'குட', அதாவது வெல்லம், அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பக்கத்திலேயே வளர்ந்த ஒரு தம்பிக்கு இதைச் சொன்னபோது, "எங்க வயல்ல ஜாவாக்காரி இருந்திருக்காளா அக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி நான் எழுதிய நாற்பது பக்கத்தைவிட நன்றாக இருந்தது.

வேலை கிடைக்குமா?

இந்தச் சான்றிதழைக் காட்டி மட்டும் கிடைக்காது. டிஎன்பிஎஸ்சியில் இதற்கு மதிப்பெண் இல்லை. யூபிஎஸ்சியிலும் இல்லை, வெளியுறவுப் பணிக்குத் தேர்வானவர்களுக்கு வெளிநாட்டு மொழியை அவர்களே ஒதுக்கிப் பயிற்சி கொடுத்துவிடுவார்கள். ஏற்றுமதி, மொழிபெயர்ப்பு, வெளிநாட்டு நிறுவனங்களின் உள்ளூர் அலுவலகம், வளர்ச்சித் திட்டங்கள், பத்திரிகை, ஆராய்ச்சி போன்றவற்றில் முதன்மைத் தகுதி சமமாக இருக்கும் இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது இது பேசும். எனக்கு வேலை கிடைத்தது வேளாண் பொருளாதாரத்துக்காக. நேர்முகத்தில் அரை மணி நேரம் அவர்கள் கேட்டதோ இந்தோனேசியாவைப் பற்றித்தான்.

வீட்டில் எப்படிச் சொல்வது? "இதைப் படிச்சு என்ன ஆகப்போற" என்கிறார்கள்.

சொல்லாதீர்கள். பட்டத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். சான்றிதழைப் பெட்டியில் கொண்டுவந்து காட்டினால் போதும். என் அப்பா இன்றுவரை நான் வாங்கியது இரண்டு பட்டம் என்றுதான் தோப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருத்தப் போய் அலுத்துவிட்டது.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். இப்போதே என்ன செய்யலாம்?

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் நிறுத்தி நிதானமாக எழுதப் பழகுங்கள், கட்டுரைகள்தான் அங்கே உங்களை மூச்சுத்திணற வைக்கும். ஒரு நாட்டின் செய்தியை ஆறு மாதம் விடாமல் தொடர்ந்து படியுங்கள். அப்புறம், இருக்கும் மொழிகளைக் கணக்கில் எடுங்கள். சென்ற மாதம் ஓசூர்ப் பெண் ஒருத்தி ஒரு கோடைப் பயிற்சி விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதியிருந்தாள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து போன் வந்தது, தெலுங்கில் பேசினாள். பிறகு ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேசினாள். இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்றேன்.

"எழுதப் படிக்கத் தெரியாதே அக்கா. பேச மட்டும்தான் வரும்."

விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொரு மொழிக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன: படிக்க, எழுத, பேச. கடைசிக் கட்டத்தில் டிக் போடச் சொன்னேன். இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்து, இரண்டு டிக் போட்டாள்.